குதிரையைப் படித்தார், கணக்கைக் கோட்டை விட்டார்!

பாரிமுனைப் பக்கம் ஒரு இரும்புக் கடை. முப்பது வருஷம் அங்கே கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். கடைக் கணக்கில் பத்துப் பைசா இடித்தால்கூட விளக்கை அணைக்க மாட்டார். கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். "நம்ம கணக்குப்பிள்ளை எழுதினா அது கல்வெட்டு" என்று முதலாளியே நாலு பேரிடம் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுப் பரணில் பதினோரு நோட்டுப் புத்தகம். அத்தனையும் ரேஸ் நோட்டு!

எந்தக் குதிரை, எத்தனை கிலோ சுமந்தது, ஜாக்கி யார், தூரம் எவ்வளவு, தரை ஈரமா காய்ந்ததா, கட்டிய பணம் எவ்வளவு, வந்தது எவ்வளவு... எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. ஒரே ஒரு குறை. எந்தப் பக்கத்திலும் கீழே கூட்டல் இல்லை!

வீடு மாற்றும்போது நோட்டுகள் பரணை விட்டு இறங்கின. மகள் பி.காம். படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். பதினோரு நோட்டையும் கூட்டிவிட்டாள்.

"அப்பா, மூணு தடவை கட்டினா ஒரு தடவை நீங்க கரெக்டா சொல்லியிருக்கீங்க. கெட்டிக்காரர்தான்."

"பார்த்தியா? நான் சும்மா குருட்டுத்தனமா கட்டலைம்மா!"

"சரிப்பா. ஆனா அம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி எங்கே போச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசவில்லை.

அவர் குடிக்கிறவர் அல்ல. சீட்டைத் தொடாதவர். "சீட்டாடுறவன்தான் சூதாடி. நான் ஸ்டடி பண்றவன்" என்பது அவர் வாதம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதி உண்மையில்தான்!

படிப்பு நிஜம்தான்!

ரேஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் மடையர்கள் என்று நினைத்தால் தப்பு. ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடிப்பது ஒரு படிப்பு. அதற்குப் பாடம் உண்டு.

ரேஸ் புத்தகத்தைப் பிரித்தால் ஒவ்வொரு குதிரையின் ஜாதகமும் இருக்கும். அப்பன் யார், ஆத்தாள் யார், கடைசியாக ஓடிய ரேஸ்களில் எத்தனாவதாக வந்தது, எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை கிலோ சுமந்தது எல்லாம் அச்சாகி இருக்கும். 1,200 மீட்டரில் பறக்கிற குதிரை 2,000 மீட்டரில் மூச்சு வாங்கும். மழை பெய்த தரையில் சில குதிரைகளுக்குக் கால் ஓடாது. சிலதுக்கு அதுதான் கொண்டாட்டம். காலையில் நடக்கும் டிரையலில் எந்தக் குதிரை கையை விட்டு ஓடுகிறது, எதை ஜாக்கி இழுத்துப் பிடிக்கிறார் என்று கடிகாரத்தோடு நிற்கிறவர்களும் உண்டு.

இதையெல்லாம் படித்தவனுக்கும், குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்று பணம் கட்டுகிறவனுக்கும் வித்தியாசம் இல்லையா? நிச்சயம் இருக்கிறது. படித்தவன் அதிக தடவை சரியாகச் சொல்வான்.

அப்புறம் ஏன் சங்கிலி போனது?

எடை ஏற்றும் ஆள்!

முதல் காரணம், குதிரைக்கு எடை போடும் அதிகாரி. ஆங்கிலத்தில் இவரை ஹாண்டிகேப்பர் என்பார்கள்.

ஒரு குதிரை ஜெயித்ததா? அதன் மதிப்பெண் ஏறும். மதிப்பெண் ஏறினால் அடுத்த ஓட்டத்தில் சுமக்கும் எடையும் ஏறும். ஜாக்கியின் எடை பற்றாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு வைத்து ஈடு கட்டுவார்கள். தோற்கிற குதிரைக்கு எடை குறையும்.

எதற்காக இந்த ஏற்பாடு? கெட்டிக்காரக் குதிரையும் சுமார் குதிரையும் கடைசிக் கம்பத்துக்கு ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காக! ரேஸ் சுவாரசியமாக இருக்க அதுதான் வழி. அதாவது, படித்தவர் வீட்டில் உட்கார்ந்து குதிரைகளுக்குள் வித்தியாசத்தைத் தேடுகிறார். அதே வித்தியாசத்தை அழிப்பதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்! அவர் கையில் இருப்பதும் இதே புள்ளிவிவரம்தான்.

அதையும் மீறி சரியான குதிரையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது காரணம் வருகிறது. அவர் கண்டுபிடித்ததை இன்னும் ஆயிரம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள்!

டோட் என்பது என்ன? எல்லாரும் போடும் பணத்தை ஒரே பானையில் கொட்டி, பிடித்தம் போக மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடுவது. ஒரே குதிரை மேல் கூட்டம் கூடினால் பங்கு சுருங்கும். புக்கியிடம் போனாலும் அதே கதை. கூட்டம் மொய்க்கிற குதிரைக்கு விலையைக் குறைத்துவிடுவார்.

ஆக, குதிரையை ஜெயித்தால் போதாது. பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக நிற்கும் இன்னொரு கணக்குப்பிள்ளையையும் ஜெயிக்க வேண்டும்!

கோர்ட்டு சொன்னது என்ன?

"இது சூது இல்லேன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க சார்!" ரேஸ் பிரியர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். கோர்ட்டு சொன்னது வாஸ்தவம். அந்தக் கதை சுருக்கமாக:

1974ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1986ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டார்கள். அதுவும் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரி 12ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயத்தில் குதிரையின் வேகம், வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவைதான் முக்கியம். பணம் கட்டுகிறவர் இதையெல்லாம் எடை போட்டுத்தான் கட்டுகிறார். எனவே இது திறமை சார்ந்த ஆட்டம். சூதாட்டத் தடை இதற்குப் பொருந்தாது. இதுதான் தீர்ப்பின் சாரம். 1986 சட்டமும் செல்லாது என்று ஆனது.

தீர்ப்பை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். "திறமை இருந்தால் பணம் வரும்" என்று கோர்ட்டு சொல்லவில்லை! போலீஸ் பிடிக்கலாமா, கூடாதா என்பதுதான் அங்கே கேள்வி. வீட்டு வாடகை கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த நீதிபதியும் பதில் சொல்ல மாட்டார். அதற்குக் கூட்டல் கழித்தல்தான் பதில் சொல்லும்.

ரூ.140 கொடு, ரூ.100க்கு ஆடு!

அந்தக் கணக்கைப் பார்ப்போம். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் ஒரு நிமிஷம் பென்சிலை எடுக்கலாம்.

பந்தயப் பணத்துக்கு 2017 முதல் நூற்றுக்கு 28 ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22ந்தேதி முதல் அது 40 ஆகிவிட்டது. லாபத்துக்கு அல்ல. கட்டுகிற முழுப் பணத்துக்கும்! வரியைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தால், ரூ.100 பந்தயத்துக்குக் கையில் இருந்து போவது ரூ.140.

பத்துப் பேர் ஆளுக்கு ரூ.100 பந்தயம் கட்டுகிறார்கள். பத்துப் பேர் பையில் இருந்தும் போனது ரூ.1,400. பானையில் விழுந்தது ரூ.1,000. அதில் கிளப்பின் பிடித்தம் ஒரு பேச்சுக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், பங்கு போட மிஞ்சுவது ரூ.900.

எந்தக் குதிரை ஜெயித்தால் என்ன? யார் படித்தவர், யார் படிக்காதவர் என்றால்தான் என்ன? ஒரு நிமிஷம் சொச்சம் ஓடும் ஒரு ரேஸில், அந்தப் பத்துப் பேரிடம் இருந்து ரூ.500 காணாமல் போய்விட்டது! மிச்சம் இருக்கும் ரூ.900க்குத்தான் அவர்களுக்குள் அடிபிடி.

இன்னொரு கணக்கு. புக்கி ஒரு பேவரிட் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுக்கிறார். ரூ.140 கொடுக்கிறீர்கள். ஜெயித்தால் ரூ.200 வருகிறது. லாபம் ரூ.60. தோற்றால் நஷ்டம் ரூ.140. லாபமும் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம், போட்டது வந்தால் போதும் என்றால்கூட நூறு தடவையில் எழுபது தடவை ஜெயிக்க வேண்டும்! ஒன்றுக்கு இரண்டு கொடுக்கும் குதிரை என்றால் நூற்றுக்கு நாற்பத்தேழு.

உலகம் பூராவும் உள்ள அனுபவம் என்ன தெரியுமா? பேவரிட் குதிரை ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்றுதான் ஜெயிக்கிறது. அதாவது நூற்றுக்கு முப்பத்துமூன்று. பாரிமுனைக் கணக்குப்பிள்ளை இத்தனை வருஷம் படித்து வாங்கிய மார்க்கும் அதுதான்! அவர் நோட்டு எழுதிய காலத்தில் பிடித்தம் இன்றைக்கு உள்ள அளவு இல்லை. அப்போதே சங்கிலி போய்விட்டது.

"பெரிசா ஒரு ஜாக்பாட் அடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். ஐந்து ரேஸிலும் ஜெயிக்கிற குதிரையை வரிசையாகச் சொல்வதுதான் ஜாக்பாட். ரேஸுக்குப் பத்துக் குதிரை என்றால் எத்தனை விதமாகச் சொல்லலாம்? ஒரு லட்சம் விதம்! அடித்தாலும் முழுசாக வீட்டுக்கு வராது. ரூ.10,000க்கு மேல் விழுந்தால் நூற்றுக்கு முப்பது வருமான வரி அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். "போன மாசம் இருபதாயிரம் தோத்தேனே, அதைக் கழிச்சுக்குங்க" என்றால் நடக்காது. ஜெயித்ததற்கு வரி உண்டு. தோற்றதற்குத் தள்ளுபடி கிடையாது!

'நிச்சய டிப்ஸ்' ஆசாமி!

இந்தக் கணக்கு தெரியாதவர்களை நம்பிப் பிழைக்கிறவன்தான் டிப்ஸ் ஆசாமி. முன்பு டீக்கடை பெஞ்சில் காதைக் கடிப்பான். இப்போது செல்போனில் செய்தி அனுப்புகிறான். "லாயத்து ஆளுங்க சொன்ன சமாச்சாரம். வெளியே விடாதே" என்பான்.

இவன் தொழில் ரகசியம் ரொம்ப சுலபம். பத்துக் குதிரை ஓடுகிற ரேஸ். நூறு பேரைப் பிடிக்கிறான். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு குதிரையைச் சொல்கிறான். எது ஜெயித்தாலும் பத்துப் பேருக்குச் சரியாகத்தான் இருக்கும்! மீதித் தொண்ணூறு பேரைக் கைகழுவிவிடுகிறான். அடுத்த ரேஸில் அந்தப் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு குதிரை. அதில் ஒருவருக்குக் கட்டாயம் ஜெயிக்கும்.

அந்த ஒருவர் கண்ணுக்கு இவன் தெய்வம்! மூன்றாவது ரேஸுக்கு நகையை அடகு வைத்தாவது ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுவந்து கொட்டுவார். ஆசாமி பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுவான்.

பத்திரிகைகளும் இதில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மாலைப் பத்திரிகைகளில் ரேஸ் டிப்ஸ் பத்தி நெடுங்காலம் வந்தது. ரேஸுக்கு மூன்று குதிரை சொல்வது, அதில் ஒன்று வந்துவிட்டால் மறுநாள் மார் தட்டுவது! மூன்று குதிரைக்கும் பணம் கட்டியவன் என்ன ஆனான் என்று எந்தப் பத்தியும் எழுதியதில்லை.

வரிக்குப் பயந்து வலையில் விழுகிறார்கள்!

வரி ஏறினால் ஆட்டம் குறையும் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கலாம். பாதிப் பேர் குறைப்பார்கள். மீதிப் பேர் திருட்டு புக்கியிடம் போவார்கள். "டாக்ஸ் கிடையாது, ரசீது கிடையாது, கடனுக்கும் ஆடலாம்" என்பதுதான் அவன் விளம்பரம்.

முதல் இரண்டும் லாபம் மாதிரி தெரியும். மூன்றாவதுதான் தூக்குக் கயிறு. கையில் காசு இருந்தால் காசு தீர்ந்ததும் ஆட்டம் முடியும். கடனுக்கு ஆடுகிறவனுக்கு ஆட்டம் முடிவதே இல்லை. தோற்றதைப் பிடிக்க இரண்டு பங்கு, அதைப் பிடிக்க நாலு பங்கு! சனிக்கிழமை ராத்திரி கணக்கு. திங்கட்கிழமை காலையில் வாசலில் ஆள். அங்கே ஜெயித்தவன் பணம் தராமல் ஏமாற்றப்பட்டாலும் எந்த ஸ்டேஷனில் போய் புகார் கொடுப்பான்?

நிலம் கைமாறியது, பழக்கம் மாறவில்லை!

மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல் ஏற்பட்டது. கிண்டியில் ஏறக்குறைய 160 ஏக்கர் அரசு நிலம், 1945ல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை ரூ.614 சொச்சம்! வாடகை பாக்கி ரூ.730 கோடி என்று அரசு கணக்குக் காட்டியது. கிளப் கோர்ட்டில் வழக்காடியது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொள்வதாக அரசு சீல் வைத்தது. அதே வருஷம் ஊட்டி ரேஸ் மைதானத்திலும் அரசு சீல் வைத்தது.

கிளப்பின் ஒரு வருஷ வாடகை ரூ.614. ஒரு சாதாரண குமாஸ்தா ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் அதற்கு மேல் தோற்றிருப்பார்!

ஆனால் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டால் பழக்கத்துக்குப் பூட்டு விழாது. கிண்டியில் ஓடாத நாளில் பெங்களூர், மும்பை, ஐதராபாத் ரேஸுக்கு சென்னையில் இருந்தே பணம் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். குதிரை எந்த ஊரில் ஓடினாலும் கணக்கு ஒன்றுதான்.

என்ன செய்யலாம்?

"ஒரேயடியாகத் தடை செய்" என்று கத்துவது சுலபம். 1974ல் அதைத்தான் செய்தார்கள். 22 வருஷம் கோர்ட்டில் போனது. கடைசியில் தடை நிற்கவில்லை. எனவே நடக்கிற காரியத்தைப் பேசுவோம்.

ஒன்று: பந்தயச் சீட்டிலேயே கணக்கை அச்சடிக்க வேண்டும். "நீங்கள் கொடுத்தது இவ்வளவு, வரி இவ்வளவு, கிளப் பிடித்தம் இவ்வளவு, ஆட்டக்காரர்களுக்குத் திரும்புவது இவ்வளவு" என்று கொட்டை எழுத்தில் போடட்டும். சிகரெட் பெட்டியில் படம் போடலாம் என்றால் இதைப் போடக் கூடாதா? திறமை ஆட்டம் என்கிறார்களே, திறமைசாலிக்கு முழுக் கணக்கையும் கொடுப்பதுதானே நியாயம்?

இரண்டு: 'நிச்சய டிப்ஸ்' விற்கிறவனை மோசடி வழக்கில் பிடிக்க வேண்டும். திருட்டு புக்கியைப் பிடிக்கும்போது பத்து ரூபாய் கட்டிய கூலிக்காரனைப் படம் பிடித்துப் போடுவதை விட்டுவிட்டு, கடன் கொடுத்து வட்டி வாங்கும் பெரிய கையைப் பிடிக்க வேண்டும்.

மூன்று: இது ஆட்டக்காரர்களுக்கு. போகத்தான் போவேன் என்றால் சினிமாவுக்குப் போகிற மாதிரி போங்கள். சினிமாவுக்கு டிக்கெட் வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது செலவு. அந்த அளவுக்கு மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கார்டு வீட்டில் இருக்கட்டும். கடன் வாங்கி ஆடாதீர்கள். முக்கியமாக, நோட்டு எழுதினால் கீழே கூட்டலையும் எழுதுங்கள்!

பாரிமுனைக் கணக்குப்பிள்ளை இப்போது அதைத்தான் செய்கிறார். ரேஸ் படிப்பை அவரால் விட முடியவில்லை. மகளும் விடச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது நோட்டை அவளே வாங்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். குதிரையைக் குறிப்பார். ஆளுக்கு நூறு ரூபாய் கட்டியதாக எழுதுவார். கட்டியதாக மட்டும்தான்! கையில் காசு கிடையாது.

போன சனிக்கிழமை ஐந்து ரேஸில் இரண்டு சரியாக வந்தது. "ரெண்டு அடிச்சேன் பாரு!" என்று துள்ளினார். மகள் கணக்குப் போட்டாள். ஐந்து பந்தயத்துக்கு வரியோடு ரூ.700. ஒன்றில் வந்திருக்கும் ரூ.200, இன்னொன்றில் ரூ.250. ஆக வரவு ரூ.450.

கணக்குப்பிள்ளை பென்சிலை வாங்கினார். பக்கத்தின் அடியில் கோடு போட்டார். இத்தனை வருஷம் எழுதாத வரியை முத்து முத்தாக எழுதினார்:

"மிச்சம் ரூ.250."